போஸ்டிங் ஆர்டரில் பெயர் இல்லாத மூவர்

பரணிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கிய அன்று இரவு மணி சோற்றைத் தொடவில்லை. மணி ஒரு ராஜபாளையம் நாய். ஆறு வயது. எண், ரேங்க், பெயர், யூனிட் எல்லாம் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும் அந்தப் பெட்டி வீட்டுக்கு நடுவில் வந்து உட்கார்ந்ததை அது இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு, இந்த வீட்டுக்குக் கிளம்பி வந்த வாரத்தில். "அதுக்குத் தெரிஞ்சுபோச்சுடி" என்றாள் அக்கா. பெட்டிக்கும் கதவுக்கும் நடுவே படுத்த மணி விடியும்வரை அங்கேயே கிடந்தது.

அக்கா வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதார். நீலகிரியில், வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் மூன்று வருடம் இருந்தார். இப்போது ஜான்சிக்கு மாற்றல். கல்யாணமாகி 14 வருடத்தில் இது அக்காவுக்கு ஆறாவது வீடு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேருக்கு அரசு செலவில் ரயில் வாரண்ட் உண்டு. அந்த வாரண்டில் பெயர் இல்லாதவர்கள் மூன்று பேர்: மணி, ஜூலி என்கிற ஸ்பிட்ஸ், பிறகு கருப்பன்.

கருப்பனை அக்கா வாங்கவில்லை. யாரும் கொடுக்கவும் இல்லை. வெலிங்டன் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த முதல் நாள் அது படியில் உட்கார்ந்திருந்தது. இதே வீட்டில் முன்பு இருந்த குடும்பம் எங்கோ வடகிழக்குக்கு மாறிப் போயிருந்தது. போகும்போது அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பூட்டிய வீட்டின் படியைவிட்டு நகராமல் அது பதினெட்டு நாள் கிடந்ததாகவும், பக்கத்து வீட்டுப் பெண்கள் சோறு வைத்தால் இருட்டிய பிறகுதான் சாப்பிடும் என்றும் சொன்னார்கள். நீலகிரியில் பொழுது சாய்ந்தால் நாயை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். தேயிலைக் காட்டிலிருந்து சிறுத்தை இறங்கும். அந்த ஊரில் பதினெட்டு இரவு வெளியே படுத்துப் பிழைத்த நாய் அது.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவது கருப்பனுக்காகத்தான். படைக் குடியிருப்புகளில் மாற்றல் பருவம் முடிந்ததும் பூட்டிய வீட்டுப் படிகளில் உட்கார்ந்திருக்கும் கருப்பன்களுக்காக.

ஊர் மாற்றலும் கணக்கும்

மத்திய அரசு ஊழியருக்கும் படையினருக்கும் மாற்றலின்போது கிடைப்பவை வகுத்து எழுதப்பட்டவை. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, வெளியூர் மாற்றலுக்கான மொத்த மானியம் அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம். வீட்டுச் சாமானுக்கு ரேங்க் வாரியாகக் கிலோ கணக்கு உண்டு. கட்டில், பீரோ, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அந்தக் கணக்கில் லாரி ஏறும். நாய் லாரியில் ஏறாது. ஏற்றவும் கூடாது. கன்டெய்னருக்குள் பீரோக்களின் நடுவே நாயைக் கட்டி அனுப்பியவர்களைப் பற்றி அக்கா கேள்விப்பட்டிருக்கிறாள். அந்தக் கதைகளை அவள் முழுசாகச் சொல்வதில்லை.

அப்படியானால் நாய் எதில் போகும்? விமானம் என்றால் இண்டிகோ வளர்ப்பு நாயை ஏற்பதில்லை. ஏர் இந்தியா ஏற்கிறது. 2022 நவம்பரிலிருந்து ஆகாசாவும் ஏற்கிறது. மடியளவு குட்டி நாயென்றால் பயணி காலடியில் கூண்டோடு வரலாம். மணி மாதிரி முப்பது கிலோவை நெருங்கும் நாய் சரக்கு அறையில்தான் போக வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் ஆபத்து. மூச்சுக்குழாயின் அமைப்பே அப்படி. மூன்று நாய்க்கு விமானச் செலவு என்பது ஒரு சுபேதார் குடும்பம் யோசித்துப் பார்க்கும் தொகையும் இல்லை.

காரில் போகலாம். காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44 ஜான்சி வழியாகவே போகிறது. அதிகாரிகள் பலர் காரின் பின்சீட்டை மடக்கி மெத்தை விரித்து, நான்கு நாள், ஐந்து நாள் ஓட்டிப் போகிறார்கள். வழியில் நாயோடு தங்கவிடும் லாட்ஜ் கிடைப்பதுதான் பெரும்பாடு. அக்கா வீட்டில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள்.

மிச்சம் இருப்பது ரயில்.

சார்ட் வரும்வரை

ரயிலில் நாயைக் கொண்டுபோக இரண்டு வழி. முதல் வழி, முதல் வகுப்பு ஏசி. அதில் இரண்டு படுக்கை உள்ள கூபே, நான்கு படுக்கை உள்ள கேபின் என இரு வகை அறைகள். அறை முழுவதும் ஒரே குடும்பத்தின் பெயரில் இருந்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இரண்டடுக்கு ஏசி, மூன்றடுக்கு ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் நாய்க்கு அனுமதி இல்லை. இரண்டாம் வழி, ரயிலின் கடைசியில் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. கார்டுக்கு 2022-லிருந்து ரயில் மேலாளர் என்று பெயர் மாறியிருக்கிறது, கூண்டு மாறவில்லை. உள்ளே மின்விசிறி கிடையாது. பெரிய நாய் நின்றால் தலை இடிக்கும்.

ஜவான் குடும்பத்துக்கும் சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி குடும்பத்துக்கும் வாரண்டில் முதல் வகுப்பு ஏசி வராது. வேண்டுமென்றால் கைக்காசு போட வேண்டும். அக்கா குடும்பம் நான்கு முதல் வகுப்பு டிக்கெட் போட்டது. மாமாவின் மாற்றல் மானியத்தில் கணிசமான பங்கு அதிலேயே போனது. "மூணு பேருக்காகப் போடுறோம், நாலு பேரும் சொகுசாப் போறோம்னு நெனச்சுக்குவோம்" என்று அவர் பிள்ளைகளிடம் சொன்னார்.

டிக்கெட் போட்டுவிட்டால் முடிந்தது என்றில்லை. முதல் வகுப்பில் படுக்கை எண் முன்கூட்டியே தெரியாது. எந்த அறை யாருக்கு என்பது சார்ட் தயாராகும்போதுதான் முடிவாகும். 'எங்களோடு நாய்கள் வருகின்றன, நால்வருக்கும் ஒரே கேபின் வேண்டும்' என்று ரிசர்வேஷன் மேற்பார்வையாளருக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் பெரும்பாலும் தருகிறார்கள். ஆனால் தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. எம்.பி. கோட்டா, அவசரக் கோட்டா, நோயாளி, மூத்த குடிமக்கள் என்று பல கைகள் அந்தச் சில அறைகளை நோக்கி நீளும். முன்பு வண்டி கிளம்ப நான்கு மணி நேரத்துக்கு முன்புதான் சார்ட் வரும். 2025-லிருந்து அதைவிட வெகு முன்பே வருகிறது. இந்த ஒரு மாற்றம் நாய் வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, பழைய கணக்கில் நான்கு மணி நேரம் பிளாட்பாரத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அக்கா நின்றிருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன், ஒரு வடமாநில ரயில் நிலையத்தில். அன்று வந்த சார்ட்டில் இரண்டு படுக்கை ஓர் அறையில், இரண்டு படுக்கை வேறோர் அறையில். மணியும் ஜூலியும் உள்ளே ஏற முடியாது. அடுத்த வண்டிக்குக் காத்திருக்க முடியாது; யூனிட்டில் சேர வேண்டிய தேதி உத்தரவில் இருக்கிறது. ஜூலியை ஒரு கூடையில் போட்டு டிக்கெட் பரிசோதகரிடம் கெஞ்சி உள்ளே வைத்துக்கொண்டார்கள். மணி கூண்டுக்குப் போனது. மே மாதம். நாக்பூரில் வண்டி நின்றபோது மாமா தண்ணீர்ப் பாட்டிலோடு கடைசிப் பெட்டிக்கு ஓடினார். இருபத்து மூன்று பெட்டி நீளம். அவர் போய்ச் சேர்ந்து கூண்டைத் திறந்து, மணி நாலு வாய் நக்குவதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது. ஓடுகிற வண்டியில் நடுப்பெட்டி ஒன்றில் தொற்றி ஏறினார். அடுத்த நிறுத்தம் வரை அந்தக் கூண்டுக் கதவு சரியாகச் சாத்தியதா என்ற நினைப்பே அவரைத் தின்றது.

விலங்குகளைக் கொண்டுசெல்வதற்கான 1978-ஆம் ஆண்டு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. நாய்க்குக் கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் காட்ட வேண்டும். நல்ல விதி. அதை நிறைவேற்ற மனிதன் இருபத்து மூன்று பெட்டி ஓட வேண்டியிருக்கிறது என்பதுதான் குறை.

இந்தத் தடவை மணியைக் கூண்டில் விடுவதில்லை என்று அக்கா தீர்மானமாக இருந்தாள். மலையிறங்கும் குன்னூர்ச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவு. முந்தின இரவோடு நாய்களுக்குச் சாப்பாட்டை நிறுத்தியும் ஜூலி பர்லியார் தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தது. தூக்க மாத்திரை கொடுத்துவிடலாமே என்று கிளம்பும் முன்பே ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். கால்நடை மருத்துவர் கூடவே கூடாது என்றுவிட்டார். மயக்கத்தில் இருக்கும் நாயால் உடல் சூட்டைச் சரியாகத் தணித்துக்கொள்ள முடியாது, தள்ளாடி விழுந்து அடிபடும், மூச்சு திணறினாலும் நமக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக அவர் எழுதிக் கொடுத்தது பயணத்துக்குத் தகுதியான நிலையில் இருப்பதாக மூன்று நாய்க்கும் மூன்று சான்றிதழ். கூடவே ரேபீஸ் தடுப்பூசி அட்டைகள்.

சென்னை சென்ட்ரலில் வண்டி இரவு 10 மணிக்கு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். மதியம் மாமாவின் போனில் சார்ட் வந்தது. நால்வருக்கும் ஒரே கேபின். அக்கா பேசவில்லை. கருப்பனின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பார்சல் ஆபீஸ், எடை, லக்கேஜ் கட்டணம், ரசீது. பார்சல் ஆபீஸில் இருந்தவர் மூன்று சான்றிதழையும் மூன்று நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆர்மியா?" என்று மட்டும் கேட்டார். மறுபேச்சில்லாமல் ரசீது போட்டார்.

ஜான்சி ஏறத்தாழ 1,770 கிலோமீட்டர். விஜயவாடாவில் விடியற்காலை. பிளாட்பார ஓரத்தில் மூன்று நாயும் வரிசையாகக் காலைக்கடன் முடித்தன. பிள்ளைகள் பழைய செய்தித்தாளோடும் பினாயிலோடும் தயாராக நின்றார்கள். நாக்பூரில் பிற்பகல். மாமா கதவருகே போய் நின்று கடைசிப் பெட்டிப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மணி கீழ்ப் படுக்கையின் அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

விட்டுப் போகிறவர்கள்

நாயை விட்டுப் போகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. வெலிங்டனில் நான் பேசிய பெண்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒருத்தி, கணவருக்கு எல்லைப் பகுதிக்கு மாற்றல் வந்து, இரண்டு கைக்குழந்தைகளோடு சொந்த ஊரில் வாடகை வீடு தேடியவள். ஃபீல்ட் ஏரியா என்றால் குடும்பம் உடன் போக முடியாது. ஊரில் பதினோரு வீடு பார்த்தாளாம். மாத வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு 'நாய் இருக்கு' என்றதும் பதினோரு கதவும் மூடிக்கொண்டன. தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் நாயை விட்டுவிட்டுப் போனாள். மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது அது அங்கே இல்லை. இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960, வளர்த்த விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பத்தாயிரமாக உயர்த்தினாலும் அந்தப் பெண்ணின் நாய்க்கு ஒரு வீடு கிடைத்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவளுக்குத் தேவைப்பட்டது தண்டனை பயம் இல்லை. இரண்டு வருடத்துக்கு அந்த நாயைப் பார்த்துக்கொள்ள ஒரு நம்பகமான இடம்.

ராணுவம் தன் சொந்த நாய்கள் விஷயத்தில் இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறது. வெடிகுண்டு மோப்பம் பிடித்து, தடம் தேடி, எட்டு ஒன்பது வருடம் உழைத்த நாய்களை, உடல் தளர்ந்ததும் கருணைக்கொலை செய்யும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 2015-ல் அது பொதுவெளியில் கேள்விக்குள்ளாகி, மாறியது. 2024 மே மாதம் ஒரு புகைப்படம் நாடெங்கும் பரவியது. மேரு என்ற ஒன்பது வயது மோப்ப நாய், 22-ஆவது ராணுவ நாய்ப் பிரிவைச் சேர்ந்தது, ஓய்வு பெற்று மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் பிரிவின் மையத்துக்குப் போகிறது. ரயிலில், முதல் வகுப்பு ஏசி படுக்கையில், தன்னைப் பழக்கிய வீரரின் பக்கத்தில். ஓய்வு பெறும் படை நாய்களுக்கு அந்த வசதியை அனுமதித்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் பெருமைப்படாத படைக்குடும்பம் இருக்காது. மேருவுக்கு முடிந்தது, மேரு போன்றவற்றோடு வேலை செய்யும் ஜவானின் வீட்டு நாய்க்கும் முடிய வேண்டும்.

அமெரிக்கப் படையில் 2024 ஜனவரி 1 முதல் ஒரு வழி பிறந்திருக்கிறது. மாற்றலாகும் படைவீரரின் ஒரு நாய் அல்லது ஒரு பூனையைக் கொண்டுபோகும் செலவை அரசு திருப்பித் தருகிறது. நாட்டுக்குள் 550 டாலர் வரை, வெளிநாட்டுக்கு 2,000 டாலர் வரை. ஒன்றுக்கு மட்டும்தான், இரண்டாவது, மூன்றாவது நாய் அங்கேயும் கைக்காசில்தான் போகிறது. ஜப்பானில் உள்ள தளத்துக்கு மாற்றல் என்றால் மைக்ரோசிப், இரண்டு ரேபீஸ் ஊசி, ரத்தப் பரிசோதனை, அதன்பின் 180 நாள் காத்திருப்பு. இதையெல்லாம் உத்தரவு வந்த பிறகு தொடங்கியவர்கள் நாயை விட்டுத்தான் போக வேண்டியிருந்திருக்கிறது. ஆனால் எனக்கு அங்கே பிடித்தது டாலர் கணக்கு இல்லை. 2011-ல் தொடங்கிய 'டாக்ஸ் ஆன் டிப்ளாய்மென்ட்' என்ற அமைப்பு, படைவீரர் பணிக்குப் போய்த் திரும்பும்வரை அவர் நாயைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முன்வரும் பொதுமக்களை அவரோடு இணைத்து வைக்கிறது. இதற்கு அரசாணை தேவைப்படவில்லை. அண்டை அயலார் மனது வைத்தார்கள்.

ஜான்சியில்

வண்டி நள்ளிரவை ஒட்டி ஜான்சி சேர்ந்தது. கதவு திறந்ததும் அடுப்பு வாயில் நின்ற மாதிரி காற்று. வெலிங்டன் 1,800 மீட்டருக்கு மேலே. ஜூலி பிறந்ததிலிருந்து ஸ்வெட்டர் போட்ட மனிதர்களை மட்டுமே பார்த்த நாய் மாதிரிதான். அடுத்த நாள் பகலில் 'லூ' என்கிற அனல்காற்று வீசத் தொடங்கியபோது அது குளியலறைத் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. பொசுபொசுவென்று இருக்கிறதே என்று மொட்டையடித்துவிடக் கூடாதாம். அந்த முடிதான் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. சிக்கெடுத்துச் சீவிவிட்டால் போதும். குவார்ட்டர்ஸ் ஜன்னலில் கூலர் பொருத்தும்வரை நனைத்த கோணிச் சாக்கில்தான் மூன்றும் படுத்தன. காலை ஐந்து மணிக்கு நடை, மறுபடி இரவு ஒன்பதுக்கு. இடையில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து விநாடி தாங்க முடியாத தரையில் நாயின் பாதமும் வெந்துபோகும்.

உண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்மலையிலிருந்து சமவெளிக்கு வரும் நாய்க்கு வெயிலைவிட மோசமான எதிரி அது. உண்ணிக்காய்ச்சல் வந்தால் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அக்கா புறப்படுவதற்கு முன்பே உண்ணி மருந்து போட்டுவிட்டாள். புது ஊரில் சோர்ந்த நாயைப் பார்த்தால் முதல் நாளே ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பது வெலிங்டன் மருத்துவர் சொல்லியனுப்பியது.

மூன்று நாய் என்பது ஒரு நாயின் மூன்று மடங்கு இல்லை. அது வேறு கணக்கு. பழைய வீட்டில் யார் எங்கே படுப்பது, யார் முதலில் சாப்பிடுவது என்று மூன்றும் பேசி வைத்த மாதிரி ஓர் ஒழுங்கு இருந்தது. புது வீட்டில் அது கலைந்தது. இரண்டாம் நாள் தட்டுக்காக மணியும் கருப்பனும் காதைக் கிழித்துக்கொண்டன. அதன்பின் மூன்று அறையில் மூன்று தட்டு. பழைய வீட்டில் அவை படுத்த போர்வைகளை அக்கா துவைக்காமலே சுருட்டி எடுத்து வந்திருந்தாள். அந்த வாசனைதான் அவற்றுக்கு வீடு. இரண்டு வாரம் கயிறில்லாமல் எதையும் வெளியே விடவில்லை. புது இடத்தில் பட்டாசுச் சத்தத்துக்கோ பூனைக்கோ ஓடிய நாய் தன் வீட்டைத் தேடும்போது, அது தேடுவது பழைய வீட்டை. கழுத்துப் பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடு கிளம்பும் முன்பே மாட்டியாயிற்று.

கருப்பன் மட்டும் முதல் பத்து நாள் வாசற்படியில் படுக்க மறுத்தது. எந்தப் படியிலும் உட்காரவில்லை. மாமா வேலைக்குக் கிளம்பினால் கதவுக்கு உள்ளே நின்று அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பதினோராம் நாள் மாலை அவர் திரும்பி வந்தபோது அது வெளியே, படியில், வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கா எனக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை.

ரயில்வேயும் பாதுகாப்பு அமைச்சகமும் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. மாற்றல் உத்தரவோடு வரும் படைக்குடும்பம் முதல் வகுப்பில் டிக்கெட் எடுத்து, நாய் வருகிறது என்று எழுதிக் கொடுத்தால், கூபேயோ கேபினோ உறுதியாகத் தரப்பட வேண்டும். சார்ட் வரும்போது இல்லை, டிக்கெட் எடுக்கும்போதே. முதல் வகுப்புக்குக் கைக்காசு போடும் ஜவானுக்கு அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கையாவது திருப்பித் தர வேண்டும். கூண்டில்தான் போயாக வேண்டும் என்றால் அந்தக் கூண்டுக்கு ஒரு மின்விசிறியும் தண்ணீர்க் கிண்ணமும் வேண்டும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். வேலூர், குன்னூர், ஆவடி, சூலூர், அரக்கோணம், தாம்பரம் பக்கம் வீடு வாடகைக்கு விடுகிறவராக நீங்கள் இருந்தால், அடுத்த ஏப்ரலில் ஒரு பெண் உங்கள் கேட்டுக்கு வெளியே நின்று 'நாய் இருக்கு' என்று தயங்கிச் சொல்வாள். அவள் கணவர் அப்போது எல்லையில் இருப்பார். கதவைத் திறந்து, நாயின் பெயரைக் கேளுங்கள்.